‘வீட்லதானே இருக்கே’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் மனநலம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலைக்குத் தனி இடம் ஒதுக்குங்கள், காலையில் குளித்து நல்ல உடை உடுத்துங்கள், மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள் என்று பத்து யோசனைகள் இருந்தன. ஒன்றும் தப்பில்லை. ஆனால் பத்துமே வேலை செய்பவரைப் பார்த்துச் சொன்னவை, வேலை வாங்குபவரைப் பார்த்துச் சொன்னது ஒன்றுகூட இல்லை. கூரை ஒழுகுகிற வீட்டில் இருப்பவருக்கு எங்கெங்கே பாத்திரம் வைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்த மாதிரி எனக்குப் பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆறு வருடமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். முதல் இரண்டு வருடம் வேறொரு நிறுவனத்தில், ஒரு டீமில் ஒருத்தியாக. அப்புறம் நான்கு வருடமாகப் பதினோரு பேர் இருக்கும் டீமுக்குப் பொறுப்பாக. அதாவது இந்த விஷயத்தில் அடி வாங்கியும் இருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். கொடுத்ததைப் பற்றியும் எழுதப் போகிறேன், அதனால் என் பெயரை மட்டும் போட வேண்டாம்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு வாக்கியம் உண்டு. ‘வீட்லதானே இருக்கே.’ வீட்டில் இருப்பவர்கள் இதைச் சொல்வார்கள். வீட்லதானே இருக்கே, கொஞ்சம் துணியை எடுத்துப் போட்டுடு. வீட்லதானே இருக்கே, ஆள் வருவாங்க, கதவைத் திறந்துவிடு. வீட்லதானே இருக்கே, குழந்தையைப் பார்த்துக்கோ, ஒரு மணி நேரத்தில் வந்துடறோம். இது பகலில். இரவு எட்டரை மணிக்கு அதே வாக்கியம் அலுவலகத்திலிருந்து வரும், கொஞ்சம் மரியாதையோடு. ‘வீட்லதானே இருக்கீங்க, ஒரு பத்து நிமிஷம் இதைப் பார்த்துடுங்களேன்.’ மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது இதுதான். வீட்டைப் பொறுத்தவரை நான் வேலையில் இல்லை, வேலையைப் பொறுத்தவரை நான் எப்போதும் வேலையில் இருக்கிறேன். இரண்டு தரப்புக்கும் நான் சும்மா இருக்கிற ஆள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, இதனால்தான் எல்லோரும் ஆபீசுக்கு வாருங்கள் என்கிறோம்’ என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். நான் வீட்டு வேலைமுறைக்கு எதிரி இல்லை. இந்த வசதி இல்லாமல் போயிருந்தால் நான் வேலையையே விட்டிருப்பேன். என் டீமில் நடக்கச் சிரமப்படும் ஒருவர் இருக்கிறார், படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார். தினமும் வந்துபோவதென்றால் இரண்டு பேருமே இந்த வேலையில் இருக்க முடியாது. பயணத்தில் போன நேரம் மிச்சமானதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த மிச்சம் எங்கே போனது என்று கேட்டிருக்கிறோமா? 2020இல் உலகம் முழுக்க வீட்டுக்குள் அடைந்தபோது, 16 பெருநகரங்களில் 31 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல், மீட்டிங் நேரக் குறிப்புகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். சராசரி வேலை நாள் 48.5 நிமிடம் நீண்டிருந்தது. மீட்டிங்குகளின் நீளம் குறைந்திருந்தது, எண்ணிக்கை கூடியிருந்தது. முன்னால் வண்டியில் போன நேரத்தில் ஒரு பகுதியை வேலை எடுத்துக்கொண்டுவிட்டது. யாரும் ஒப்பந்தம் போடவில்லை, யாரும் சம்பளம் கூட்டவில்லை. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிற மாதிரி, காலியாக இருந்த நேரத்துக்குள் வேலை பாய்ந்துவிட்டது.

அந்தப் பயண நேரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் அதைத் திட்டினோம், ஆனால் அது ஒரு வேலை செய்துகொண்டிருந்தது, நமக்குத் தெரியவில்லை. மேனேஜர் சொன்ன ஒரு வார்த்தை மனதில் குத்திக்கொண்டே இருக்கும், அதோடு கிளம்புவோம், நெரிசலில் நிற்போம், ஜன்னல் வழியே பார்ப்போம், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது முக்கால்வாசி ஆறியிருக்கும். இப்போது அந்த வார்த்தை காதில் விழுந்த பதினைந்தாவது நொடியில் நான் சமையலறையில் நிற்கிறேன். என் முகத்தைப் பார்த்து என் பையன் ‘என்னம்மா கோபமா?’ என்கிறான். அவனிடம் என்ன சொல்வது? சபீனே சொன்னன்டாக் என்ற ஜெர்மன் உளவியலாளரும் ஷார்லட் ஃபிரிட்ஸும் 2007இல் வேலைக்குப் பிறகு மனது எப்படித் தேறுகிறது என்பதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். நான்கு அம்சங்கள் அதில். முதலாவது, மனதளவில் வேலையிலிருந்து விலகுவது. உடல் வேலையிலிருந்து விலகினால் போதாது, மனதும் விலக வேண்டும். மற்ற மூன்றும் ஓய்வு, புதிதாக ஏதாவது கற்பது, என் நேரம் என் கையில் இருக்கிறது என்ற உணர்வு. வேலை முடிந்ததும் உடல் நகர்ந்துபோக இடமே இல்லாத ஒருவரின் மனது மட்டும் எங்கே போகும்?

என் வழக்கத்தைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். மாலையில் லேப்டாப்பை மூடி, சார்ஜரைச் சுருட்டி, இரண்டையும் பையில் போட்டு, பையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறேன். காலையில் திரும்ப எடுக்கிறேன். நான்கு நிமிட வேலை. ஆரம்பத்தில் வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஆனால் மேஜையில் அது திறந்து கிடந்த நாட்களில் தண்ணீர் குடிக்கப் போகிற வழியில்கூட ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். உங்கள் கட்டுரையின் பத்து யோசனைகளோடு இதைப் பதினொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். பாத்திரம் வைக்க இன்னொரு இடம், அவ்வளவுதான். கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

கூரை என்று நான் சொல்வது அந்தப் பச்சைப் புள்ளியை. சாட் வைத்திருக்கும் எல்லா நிறுவனத்திலும் இருக்கிறது. ஆள் இருந்தால் பச்சை, கொஞ்ச நேரம் கணினியைத் தொடவில்லை என்றால் மஞ்சள். என் முதல் நிறுவனத்தில் இதோடு நிற்கவில்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடித்து மேலே அனுப்பும் ஒரு மென்பொருளையும் போட்டிருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் நான் கழிவறைக்குக்கூட போனை எடுத்துக்கொண்டுதான் போனேன். யோசிப்பதற்காக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் புள்ளி மஞ்சளாகிவிடும், அதனால் யோசிக்கும்போதும் ஒரு விரல் சுட்டியை ஆட்டிக்கொண்டே இருக்கும். என் வேலையே யோசிப்பதுதான், அதைச் செய்யும்போது நான் வேலை செய்யாத மாதிரி காட்டியது அந்தக் கருவி! என்னோடு இருந்த ஒருவர் மின்விசிறிக் காற்றில் ஆடும் ஒரு நூலைச் சுட்டியில் கட்டிவிட்டுத் தூங்குவார். அவருடைய புள்ளி எப்போதும் பச்சை. அந்த மாதம் அவருக்குப் பாராட்டு வந்தது என்பது என் வயிற்றெரிச்சல், அதை விடுங்கள்.

இந்தச் சந்தேகம் எங்கள் நிறுவனத்தில் மட்டும் இல்லை. 2022இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு அறிக்கையில், நாங்கள் நன்றாகத்தான் வேலை செய்கிறோம் என்று சொன்ன ஊழியர்கள் 87 சதவீதம். தங்கள் ஆட்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று முழு நம்பிக்கை இருப்பதாகச் சொன்ன தலைவர்கள் 12 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் நம்முடைய தூக்கம் விழுந்து கிடக்கிறது. நம்பாதவருக்கு நிரூபித்துக்கொண்டே இருப்பது ஒரு தனி வேலை, அதற்குச் சம்பளம் கிடையாது. இரவு பதினோரு மணிக்கு நான் அனுப்பிய பல மெசேஜ்கள் அவசரத்துக்காக அனுப்பியவை இல்லை, நான் இருக்கிறேன் என்று காட்ட அனுப்பியவை.

இப்போது நான் கொடுத்த அடி.

பொறுப்புக்கு வந்த முதல் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மறுநாள் மறந்துவிடக் கூடாதே என்று டீமில் இருந்த ஒரு தம்பிக்கு ஒரு வரி அனுப்பினேன். ‘நாளைக்குக் காலைல உங்களோட கொஞ்சம் பேசணும்.’ அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பேசினோம். அவர் கேட்டிருந்த பத்து நாள் லீவை எப்படிப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதுதான் விஷயம், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு வருடம் கழித்து ஏதோ பேச்சு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார், ‘அன்னைக்கு நைட்டு நான் தூங்கவே இல்ல மேடம், ரெண்டு மணிக்கு எழுந்து ரெஸ்யூமேயைத் தூசி தட்டி எடுத்துட்டேன்.’ அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன், ஆனால் அப்புறம் அதை நினைக்கும்போதெல்லாம் கூசுகிறது. எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அதே வார்த்தையை நான் சிரித்த முகத்தோடு சொல்லியிருப்பேன், அவரும் ‘என்ன மேடம்?’ என்று அங்கேயே கேட்டிருப்பார். எழுத்தில் முகம் கிடையாது. இருட்டில் கிடக்கிற கயிறு மாதிரி, படிக்கிறவர் மனதில் பயம் இருந்தால் அது பாம்புதான்.

இந்த எழுத்து விஷயத்தைப் பற்றி மட்டுமே ஒரு கடிதம் எழுதலாம். ‘சரிங்க’ என்று வந்தால் எல்லாம் நலம். ‘சரி’ என்று வந்தால் ஏதோ வருத்தம். ‘சரி.’ என்று முற்றுப்புள்ளியோடு வந்தால் அன்றைக்கு முழுக்க நமக்கு வேலை ஓடாது. வெறும் கட்டைவிரலைக் காட்டுகிற படம் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அனுப்பியவர் நடந்துகொண்டே ஒற்றைக் கையால் தட்டியிருப்பார், நாம் இங்கே உட்கார்ந்து உரை எழுதிக்கொண்டிருப்போம்.

அப்புறம், நான் கவனிக்காமல் விட்ட ஒருவர். என்னைவிட வயதில் மூத்தவர், டீமிலேயே அதிகம் சிரிப்பவர், தனியாக வசிப்பவர். ஒரு கட்டத்தில் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவைக்க ஆரம்பித்தார். சரி, இணைப்புச் சரியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பதில்கள் சுருங்கின. ‘முடிந்தது.’ ‘அனுப்பியாச்சு.’ வேலை மட்டும் ஒரு நாள் தாமதமில்லாமல் வந்துகொண்டிருந்தது, அதனால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து இரண்டு வரியில் ராஜினாமா. பதறிப்போய்க் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் பேசினோம். ஒரு நாள் வாசல் மணி அடித்ததாம், பார்சல் கொண்டுவந்தவர் ஏதோ கேட்டிருக்கிறார், இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லையாம். தொண்டையில் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை மீட்டிங்கில் ‘நன்றி, பை’ என்று சொன்னதற்கு அப்புறம் செவ்வாய் மதியம் வரை அவர் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அப்போதுதான் தனக்கு ஏதோ சரியில்லை என்று அவருக்கே புரிந்திருக்கிறது.

அப்புறம் அவர் அனுப்பிய பழைய மெசேஜ்களைத் திருப்பிப் பார்த்தேன். பல மெசேஜ்கள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு வந்தவை. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தன. ஒரே இடத்தில் வேலை பார்த்திருந்தால் சாப்பிடப் போகவில்லையே, கண் உள்ளே போயிருக்கிறதே என்று பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்திருப்பார். வீட்டிலிருந்து வேலை என்றால் அந்தப் பக்கத்து நாற்காலி இல்லை. அந்த இடத்தில் இருந்து பார்க்க வேண்டியது மேனேஜர், நானோ வேலை வந்துசேர்ந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘பர்ன்அவுட்’ என்று சொல்லப்படும் இந்த எரிந்துபோன நிலையை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன்னுடைய நோய் வகைப்பாட்டில் விரிவாக வரையறுத்தது. நோயாக இல்லை, வேலை சார்ந்து ஏற்படும் ஒரு நிலையாக. மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தி வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனது விலகிப்போவது அல்லது அதன் மேல் கசப்பு, நம்மால் சரியாகச் செய்ய முடிகிறது என்ற உணர்வு குறைவது. அவர் சொன்னதை இந்த மூன்றோடு பொருத்திப் பார்த்தால் எதுவும் மிச்சமில்லை. அந்த வரையறையில் ஒரு சொற்றொடர் வருகிறது, வெற்றிகரமாகக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தின் விளைவு என்று. யாரால் கையாளப்படாத? அதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் காலியிடத்தில் நாம் எல்லோரும் தன்னிச்சையாக ஊழியரின் பெயரை எழுதிவிடுகிறோம், மூச்சுப்பயிற்சி செய் என்கிறோம்.

உடம்பும் சும்மா இருக்காது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் சொன்னார்கள். எட்டு மணி நேர வேலைக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை 1919இல் வந்தது. அதற்கு நூறு வருடம் கழித்து, அதுவும் படுக்கையறையில் உட்கார்ந்து, அந்த எட்டு எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுப் பக்கத்து இடியையும் சொல்லியாக வேண்டும், எல்லாப் பழியையும் நிறுவனத்தின் மேல் போடுவது நியாயமில்லை. என் கணவரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் கதவை மூடி உட்கார்ந்து வேலை பார்க்க ஒரே ஓர் அறைதான் உண்டு. அது யாருக்கு? யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, சண்டையும் போடவில்லை, தானாக அது அவருடைய அறையாகிவிட்டது. நான் கூடத்தில், சுவரோரமாக. அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றால் வீடே சத்தத்தைக் குறைக்கும். நான் மீட்டிங்கில் இருந்தால் என் தோளுக்குப் பின்னால் ஆட்கள் குனிந்து போவார்கள், அதுதான் எனக்குக் கிடைத்த மரியாதை. என்னை ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் சைகையில் கேட்பார்கள், நான் அங்கே பேசிக்கொண்டே இங்கே தலையாட்ட வேண்டும். ஒரு நாளில் இப்படி எத்தனை தடவை என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது. அந்தத் தாளை இரவு அவரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை, பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இப்போது ஒரு வாரம் அறை அவருக்கு, ஒரு வாரம் எனக்கு. கூடத்தில் உட்கார்ந்த முதல் புதன்கிழமையே அவருக்குத் தலைவலி வந்துவிட்டது, எனக்கு உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம்.

அறை என்று ஒன்றே இல்லாதவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், அதுவும் தெரியும். மூன்று பேர் சேர்ந்து ஒரே அறையில் தங்கிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து வேலை செய்யும் பிள்ளைகள் என் டீமிலேயே உண்டு. அவர்களிடம் போய் வேலைக்குத் தனி இடம் ஒதுக்குங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சீனாவில் சிடிரிப் என்ற பயண நிறுவனத்தில் நிக்கோலஸ் ப்ளூம் என்ற ஸ்டான்ஃபோர்ட் பொருளாதார அறிஞரும் மற்றவர்களும் நடத்திய ஒரு பரிசோதனை எனக்குப் பிடிக்கும். 2010இல் தொடங்கி ஒன்பது மாதம். தொலைபேசிச் சேவையில் இருந்தவர்களில், விருப்பம் தெரிவித்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவை வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தார்கள். அவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப்போவது பாதியாகக் குறைந்தது. வீட்டு வேலையை ஆதரிக்கிறவர்கள் இதுவரைக்கும்தான் சொல்வார்கள். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பரிசோதனை முடிந்து, வீடா ஆபீஸா நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொன்னபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் மாறிக்கொண்டார்கள். வீட்டில் இருந்த பலர் திரும்பிப் போனதற்குச் சொன்ன காரணம் தனிமை. அப்படி மாற விட்ட பிறகு வேலைத்திறனில் கிடைத்த உயர்வு 13இலிருந்து 22 சதவீதமாக ஏறியது. அதே நிறுவனத்தில் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை என்று 1,600 பேரை வைத்து நடந்த பிந்தைய ஆய்வு 2024இல் வெளியானது, அதில் வேலைத்தரம் கொஞ்சமும் குறையவில்லை, விட்டுப்போவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். எது யாருக்கு ஒத்துவரும் என்று அவரவருக்குத்தான் தெரியும். எல்லோரும் வா என்பதும் யாரும் வராதே என்பதும் என்னைப் பொறுத்தவரை ஒரே மாதிரி முட்டாள்தனம்.

சரி, என் டீமில் என்ன மாற்றினேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. இரவில் ஏதாவது நினைவுக்கு வந்தால் எழுதுகிறேன், ஆனால் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்புகிறேன். ‘பேசணும்’ என்று அனுப்பினால் எதைப் பற்றி என்பதையும் அதே வரியில் சேர்த்து எழுதுகிறேன், கெட்ட செய்தி இல்லை என்றால் அதையும் சேர்த்து. பதினொன்று முதல் நான்கு வரை எல்லோரும் இருக்க வேண்டும், மற்ற நேரத்தை அவரவர் பிரித்துக்கொள்ளலாம், பச்சைப் புள்ளியை நான் பார்ப்பதே இல்லை, வேலை வந்ததா என்பது மட்டும்தான் கேள்வி. அதோடு வாரம் ஒரு தடவை ஒவ்வொருவரிடமும் இருபது நிமிடம் பேசுகிறேன், அதில் வேலையைப் பற்றி நான் பேச ஆரம்பிக்க மாட்டேன். முதல் சில வாரம் எல்லோரும் ‘நல்லா இருக்கேன் மேடம்’ என்பதோடு நிறுத்திவிட்டார்கள். நான்காவது வாரம்தான் ஒருவர், தூக்க மாத்திரை எடுக்க ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மேனேஜரோடு பேசித் தீர்கிற விஷயம் இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும். லீவு போட்டு அனுப்பினேன், அவர் வேலையை எந்த இரண்டு பேர் பார்ப்பார்கள் என்பதை அவர் போவதற்கு முன்பே முடிவு செய்து அவரிடமே சொன்னேன். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். லீவு கொடுத்துவிட்டு வேலையை அப்படியே குவித்து வைத்தால், திரும்பி வருகிற நாளை நினைத்தே லீவு நாசமாகிவிடும்.

மீட்டிங்கில் கேமராவைக் கட்டாயமாக்குவதையும் விட்டுவிட்டேன். ஜெரமி பெய்லன்சன் என்ற ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் 2021இல் இந்த வீடியோ களைப்புக்கு நான்கு காரணம் சொன்னார். இத்தனை முகங்கள் இவ்வளவு நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டே இருப்பது, நகராமல் ஒரு சட்டகத்துக்குள் உட்கார்ந்திருப்பது, தலையாட்டலைக்கூட மெனக்கெட்டு செய்ய வேண்டியிருப்பது. நாள் முழுக்க யாராவது ஒரு கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நம் பின்னாலேயே வந்தால் எப்படி இருக்கும்? ஆனால் மேலே சொன்ன அந்த மூத்தவர் கேமராவை அணைத்ததைக் கவனிக்காமல் விட்டதும் இதே நான்தான். அதனால் யாராவது வழக்கத்தை மாற்றினால் மட்டும், தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன். கேமரா அணைந்திருப்பதில் பிரச்சினை இல்லை, திடீரென்று அணைவதில்தான் ஏதோ இருக்கிறது.

தோற்றுப்போனதும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு ‘ஜாலி மீட்டிங்’ வைத்தேன், பாட்டு, விளையாட்டு, விடுகதை என்று. பதினோரு பேரும் தவறாமல் வந்தார்கள், பதினோரு பேரும் சிரித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, விருப்பப்பட்டால் மட்டும் வாருங்கள் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்! இரண்டு மாதமாக அவர்களின் வார இறுதியில் ஒரு மணி நேரத்தை மனநலம் என்ற பெயரில் திருடியிருக்கிறேன்.

சட்டத்தால் இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்பார்கள். பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்த சட்டப்படி, வேலை நேரம் கடந்து வரும் அழைப்புக்கும் மெசேஜுக்கும் ஊழியர் பதில் தராமல் இருக்கலாம், அப்படி மறுப்பது நியாயமற்றதாக இருந்தால் தவிர. இரண்டும் நல்லதுதான். ஆனால் எனக்குப் பிடித்தது போர்ச்சுகல் 2021இல் கொண்டுவந்தது. அங்கே ஊழியருக்குப் பதில் தராத உரிமை என்று சொல்வதோடு நிறுத்தவில்லை, ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது நிறுவனத்தின் கடமை என்று எழுதியிருக்கிறார்கள். தனிமையைக் குறைக்க, குறைந்தது இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் சந்திக்க ஏற்பாடு செய்யவும் சொல்லியிருக்கிறார்கள்.

வித்தியாசத்தைப் பாருங்கள். பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை என்றால், இரவு பத்து மணிக்கு மெசேஜ் வந்துவிடும், போன் அதிரும், அதைப் பார்த்தபின் பதில் சொல்வதா வேண்டாமா என்று மனதுக்குள் போராட வேண்டியவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான பிள்ளை. தூக்கம் போனது போனதுதான். அனுப்பாமல் இருக்கும் கடமை என்றால் போராட வேண்டியது என்னைப் போன்றவர்கள், எங்களுக்கு அது அரை நிமிடக் கட்டுப்பாடு. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நேரத்தில் ஆட்கள் இருக்கும் டீமில் இது நடக்குமா என்றால், கொஞ்சம் மெனக்கெட்டால் நடக்கும். எங்கள் வாராந்திர மீட்டிங் ஒரு மாதம் எங்களுக்கு வசதியான நேரத்தில், அடுத்த மாதம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வசதியான நேரத்தில். முன்பு எப்போதும் நாங்கள்தான் இரவில் உட்கார்ந்திருந்தோம், அதையும் யாரும் முடிவு செய்திருக்கவில்லை, அந்த அறை என் கணவருடையதான மாதிரியே.

அந்த மூத்தவர் இப்போது வேறு இடத்தில், வாரம் மூன்று நாள் நேரில் போகிற வேலையில் இருக்கிறார். போன மாதம் பேசினேன், குரல் நன்றாகவே இருந்தது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்த விஷயத்தில் கட்டுரை போடும்போது மேனேஜர்களுக்கு என்று பத்து யோசனை கேட்டு வாங்கிப் போடுங்கள். வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், பாதிக்கு மேல் நான் செய்த தப்புகளாகத்தான் இருக்கும்.

இதை எழுதி முடிக்கும்போது ஞாயிறு இரவு மணி பத்தேமுக்கால். உங்களுக்கு இது நாளைக் காலை ஒன்பது மணிக்குத்தான் வந்துசேரும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி